பழைய வண்டிக்கு நல்ல பொறி

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவும் பட்டிமன்றமும் சிறுவர் நாடகமும் நடைபெறுதல் வழக்கம். இவ்வாண்டு கைத்தொழில் பற்றியும் ஒரு பேச்சு இடம்பெற வேண்டும் எனச் சங்கத்தார் விரும்பினர். யாம் பொறியியல் கற்றவரல்லோம்; மெட்ரிகுலேஷன் தேறி, இருப்பூர்தித் துறையில் கணக்கெழுதும் எழுத்தர். எனினும் பழைய புல்லட் வண்டியொன்றை நெடுநாளாகப் பேணி வருவதால், நம் குடியிருப்பினர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினாவுக்கே இன்று விடை கூற எண்ணினோம். காற்றால் குளிரும் பழைய எஞ்சினுக்குத் தீமூட்டும் உறுப்புகளை எப்படித் தேர்ந்து வாங்குவது என்பதே அவ்வினா.

பேத்தமங்களா என்ற பெயரைக் கேட்டவுடன் நீர் நினைவுக்கு வருகிறது. பாலாற்றைத் தேக்கிய இவ்வூர் ஏரியின் நீரே குழாய்களின் வழியே சென்று தங்கவயலின் தாகத்தைத் தணித்தது. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. உழைப்போ வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோரின் தோள்களில் வந்தது. நீருக்குப் பெயர்பெற்ற ஊரில் நின்றுகொண்டு நீரே வேண்டாத எஞ்சினைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான்.

நம்மவர் வீடுகள் பலவற்றில் இத்தகைய வண்டி ஒன்று நிற்கிறது. சென்னைத் திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டு தொடங்கிய தொழிற்சாலையில் உருவான என்ஃபீல்டு புல்லட் அது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு முன் சுரங்கத்தில் உழைத்த தந்தை, தம் சேமிப்பில் வாங்கிய வண்டியை மகனுக்கு விட்டுச் சென்றிருப்பார். அதனைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதா, ஓட்டிக் காப்பதா என்பது பல குடும்பங்களில் இன்று எழும் வினா. வண்டி நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் முதுமையன்று. பொருந்தாத உறுப்பும் போலி உறுப்புமே அதனை நிறுத்திவிடுகின்றன.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட வேன், பின்புறத்தில் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டது. படுக்கையும் அடுப்பும் பொருத்தி அதனை நடமாடும் வீடாக்கி, 1960-களிலும் 1970-களிலும் ஐரோப்பிய இளைஞர் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியாக இந்தியா வரை ஓட்டி வந்தனர். அவ்வேன்களை இன்றும் பேணுவோர் உலகெங்கும் உளர். அவர்களுக்கு வரும் ஐயங்களும் நம் புல்லட்காரருக்கு வரும் ஐயங்களும் ஒன்றே. ஆகையால் இரண்டையும் சேர்த்தே கூறுவோம்.

சுரங்கத்தில் வெடி வைத்த பெரியவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். மருந்து எவ்வளவு உயர்ந்ததாயினும், உரிய நேரத்தில் உரிய வரிசையில் தீப்பற்றவில்லையெனில் பாறை பெயராது என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சினும் அவ்வாறே. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை மருந்து, பொறியே திரி. ஃபோக்ஸ்வேகனின் நான்கு சிலிண்டர்களும் ஒன்று, நான்கு, மூன்று, இரண்டு என்ற வரிசையில் தீப்பற்ற வேண்டும்.

நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும் புல்லட்டில், நிமிடத்திற்கு 1,500 பொறிகள் வேண்டும். அதே வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 1,80,000 பொறிகள் ஆகின்றன. நான்கு சிலிண்டர் வேனுக்கோ நிமிடத்திற்கே 6,000 பொறிகள். நாலணாப் பொருள் என்று நாம் அலட்சியம் செய்யும் உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கணக்கே காட்டுகிறது.

நீரால் குளிரும் எஞ்சினில் நீர் வெப்பத்தை ஒரு மட்டத்தில் நிறுத்தி வைக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்தக் காப்பு இல்லை. வி. கோட்டையைக் கடந்து பேர்ணாம்பட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் திரும்பி வரும்போது ஏறும் வெப்பம் வேறு; சமவெளியில் காற்றுப் பட ஓடும்போது உள்ள வெப்பம் வேறு. ஆதலால் பிளக்கின் வகையும் பொறி விழும் நேரமும் சிறிது தவறினும் இவ்வகை எஞ்சின் பொறுத்துக்கொள்ளாது.

முதலில் பிளக்கைப் பார்ப்போம். பிளக்குகளில் சூடானது, குளிர்ந்தது என்று இரு சாரார் உண்டு. தன் முனையின் வெப்பத்தை விரைந்து எஞ்சின் தலைக்குக் கடத்துவது குளிர்ந்த பிளக்கு. மெதுவாகக் கடத்துவது சூடான பிளக்கு. அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்ததைப் போட்டால் கரி படிந்து பொறி அணையும். அளவுக்கு மிஞ்சிச் சூடானதைப் போட்டால் முனை தணலாகக் கனன்று, பொறி விழுமுன்னரே கலவையைப் பற்றவைத்து, பிஸ்டனையே துளைத்துவிடக் கூடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது; நெருப்புப் பொறியன்று, எலிப்பொறி! பிளக்கின் மேலுள்ள எண்ணுக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே பொருள் கொள்வதில்லை. பாஷ் நிறுவனத்தின் பழைய முறையில் 145, 175, 225 என எண் ஏற ஏறப் பிளக்கு குளிர்ந்தது. அதே நிறுவனத்தின் புதிய முறையில் எண் குறையக் குறையக் குளிர்ந்தது. 8-ஐ விட 7 குளிர்ந்தது. என்.ஜி.கே. பிளக்குகளிலோ எண் ஏற ஏறக் குளிர்ச்சி. 5-ஐ விட 6 குளிர்ந்தது. சாம்பியன் பிளக்குகளில் எண் ஏற ஏறச் சூடு. ஆகையால், “பழையதில் 7 இருந்தது, இதிலும் 7 கொடுங்கள்” என்று வேறு நிறுவனத்துப் பிளக்கைக் கேட்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதாகும். வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள எண்ணையோ, அந்நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டுப் பட்டியலையோ பார்த்தே வாங்குக.

மரையின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். 12.7 மில்லிமீட்டர் மரைக்குரிய தலையில் 19 மில்லிமீட்டர் பிளக்கைத் திருகினால், அது உள்ளே நீண்டு பிஸ்டனைத் தட்டக் கூடும். இடைவெளி புல்லட்டுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், ஃபோக்ஸ்வேகனுக்கு 0.6 முதல் 0.7 வரை. ஓடிய பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரியாக இருந்தால் கலவை கொழுப்பு அல்லது பிளக்கு குளிர்ச்சி. வெண்மையாகக் கொப்புளித்திருந்தால் சூடு மிகுதி. ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபின் இந்நிறம் முன்போலத் தெளிவாகத் தெரிவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

அடுத்தது பாயிண்ட். இரு உலோக முனைகள் ஒட்டி விலகும் சிறு கதவு அது. ஒட்டியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் நிறைகிறது. விலகும் கணத்தில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து பிளக்கில் பொறியாக விழுகிறது. புல்லட்டில் இதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபோக்ஸ்வேகனில் 0.40. காமின் மேல் உரசும் நார்க்குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது. பொறி விழும் நேரம் தாமதமாகிறது. ஆதலால் முதலில் இடைவெளி, பிறகே நேரம் என்ற வரிசையை மாற்றக் கூடாது. புதிய பாயிண்ட் வாங்கும்போது இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று நேராகப் படிகின்றனவா என்று கடையிலேயே வெளிச்சத்தில் பார்த்து வாங்குக.

பாயிண்டுக்குத் துணை கண்டென்சர். கதவு விலகும்போது முனைகளில் தீ பாயாமல் காப்பதும், காயிலின் காந்த ஆற்றல் சட்டெனச் சரிந்து பொறியாவதற்கு உதவுவதும் இச்சிறு குப்பியே. புதுப் பாயிண்ட் சில நாட்களிலேயே கருகிப் பள்ளமும் மேடுமானால் பாயிண்டைப் பழிக்காதீர்கள், கண்டென்சரை மாற்றுங்கள். குளிர்ந்திருக்கையில் நன்றாகக் கிளம்பி, பத்து மைல் ஓடிச் சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பும் வண்டியில் கண்டென்சர் அல்லது காயில் நோயுற்றிருக்கிறது என்று ஐயுறலாம்.

காயில் வாங்கும்போது வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதை முதலில் அறிக. பழைய வண்டிகளில் இரண்டும் உண்டு. தடைச்சுருள் தனியே வேண்டும் காயிலும் வேண்டாத காயிலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மீட்டரால் அளந்தால் 12 வோல்ட் ஃபோக்ஸ்வேகனுக்குரிய வழக்கமான காயில் ஏறத்தாழ 3 ஓம் காட்டும். தடைச்சுருளோடு சேர்வது அதில் பாதியளவே காட்டும். இதனைத் தடைச்சுருளின்றி இணைத்தால் பாயிண்ட் விரைவில் எரிந்துபோம்.

பொறியின் நேரத்தை நம் இருப்பூர்தி மொழியில் கூறினால் எளிதில் விளங்கும். உரிய நேரத்துக்கு வெகுமுன்பே கைகாட்டி இறங்குவதும் பிழை; வண்டி வந்து நின்றபின் இறங்குவதும் பிழை. பொறி மிக முந்தினால் எஞ்சினில் தட்டல் ஓசை கேட்கும், வெப்பம் ஏறும். பிந்தினால் இழுவை குறைந்து, வெப்பம் புகைக்குழாய்ப் பக்கம் சேரும். வேகம் கூடக் கூடப் பொறியைச் சற்று முந்தச் செய்ய எடைக்குண்டுகள் உள்ளன. சில வேன்களில் வெற்றிட உறையும் துணை செய்கிறது. 009 என்று முடியும் எண்ணுடைய பாஷ் டிஸ்ட்ரிபியூட்டர் மலிவும் எளிமையும் கருதிப் பலரால் விரும்பப்பட்டது. அதில் எடைக்குண்டுகள் மட்டுமே உண்டு. வெற்றிட உறை இல்லை. வெற்றிட உறையை நம்பி அமைந்த கார்புரேட்டரோடு அதனைச் சேர்த்தால், மிதிக்கும் தருணத்தில் எஞ்சின் தயங்கும். உறுப்பு நல்லதா என்று கேட்பது போதாது. நம் வண்டியின் மற்ற உறுப்புகளோடு ஒத்துப்போகுமா என்றும் கேட்க வேண்டும். மணப்பொருத்தம் பார்க்கும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பாயிண்டை நீக்கி மின்னணுக் கருவி பொருத்தலாமா என்று இளைஞர் வினவுகின்றனர். பொருத்தலாம். உரசித் தேயும் பகுதி இல்லாமையால் நேரம் மாறாது, கிளம்புதலும் எளிதாகும். ஆனால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. கருவி விதிக்கும் ஓம் அளவுக்குக் குறையாத காயிலே வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் சாவியைத் திறந்தே வைத்தால் கருவி எரியக் கூடும். பாயிண்ட் பழுதாவதற்குமுன் இருமி முனகி அறிவிக்கும்; மின்னணுக் கருவியோ அறிவிப்பின்றி அணைந்துவிடும். ஆகையால் கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் எறியாமல், துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்க. நகரத்துக்குள் நாள்தோறும் ஓட்டுபவர்க்கு மின்னணுக் கருவி ஏற்றது. ஊர் ஊராகச் செல்பவர்க்கு, மரத்தடியில் அரத்தாளால் தேய்த்துச் சரிசெய்யக்கூடிய பாயிண்டே துணை என்பது எமது கருத்து.

எங்கே வாங்குவது? பெங்களூரில் 1951-ஆம் ஆண்டு தொடங்கிய மைக்கோ நிறுவனம் பிளக்குகளைச் செய்து நாடெங்கும் வழங்கியது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என்றாயிற்று. சென்னைப் பாடியில் 1961-ஆம் ஆண்டு அமைந்த லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் வண்டிகளின் மின்னுறுப்புகளுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய நற்பெயர்களே போலி செய்வோருக்கு முதலீடு. பெங்களூர் ஜெ.சி. சாலைக்கு நம்மவர் காலை இருப்பூர்தியிலேயே சென்று வாங்குகின்றனர். போகும்போது பழைய உறுப்பையும் உடன் கொண்டு செல்க. பக்கத்தில் வைத்து ஒப்பிடுக. அச்சு மங்கிய பெட்டியையும் வியக்கத்தக்க மலிவையும் ஐயுறுக. ரசீது கேட்டுப் பெறுக. ரசீது கொடுக்க மறுக்கும் கடையில் வாங்க மறுப்பதே அறிவு.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் அகற்றப்பட்டன. எனினும் காவலாளுள்ள கேட்டுகள் எத்தனையோ உள்ளன. கேட்டு மூடியிருக்கும்போது காற்றுப் படாமல் உறுமிக்கொண்டே நிற்கும் எஞ்சின் மிகச் சூடேறுகிறது. நலிந்த காயில் அப்போதுதான் மயங்கும். கேட்டு திறந்து, மனைவி மக்களோடு தண்டவாளத்தின்மேல் ஏறும் தருணத்தில் எஞ்சின் அணைந்தால் என்ன ஆகும்? ஆகையால் கேட்டடியில் எஞ்சினை நிறுத்துக, சாவியையும் மூடுக. சாவி திறந்திருந்து பாயிண்டும் ஒட்டியிருந்தால் காயில் வீணே காயும். தண்டவாளத்தில் வண்டி நின்றே விட்டால் உதைத்துக்கொண்டிராதீர்கள். முதலில் ஆட்களை இறக்கி அப்பால் அனுப்புக, உடனே காவலாளுக்குச் சொல்லுக, வண்டி பிறகு. வண்டியை மீண்டும் வாங்கலாம்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்தபின்னரே மருந்து தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை மெக்கானிக்குக்கும் பொருந்தும். பேட்டரியும் இணைப்புகளும், பிறகு பிளக்கு, பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், காயில், இறுதியில் நேரம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க. ஒரு வேளைக்கு ஓர் உறுப்பையே மாற்றுக. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் வண்டி ஓடலாம். நோய் எதுவென்று நமக்குத் தெரியாது. அறியாத நோய் திரும்பி வரும்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், ஓம் அளக்கும் மீட்டர், நேரம் பார்க்கும் விளக்கு ஆகிய மூன்றும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க இயலாது. சங்க நூலகத்தில் ஒரு தொகுதி வாங்கி வைத்தால், நூல்களைப் போலவே கையெழுத்திட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். அவற்றோடு, ஆங்கிலக் கைப்புத்தகத்திலுள்ள அளவுகளை நல்ல தமிழில் எழுதிய அட்டையொன்றும் சுவரில் தொங்கட்டும். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வேலையைக் கற்பிக்க எம்மால் இயலும். அதற்கு யாம் ஆயத்தமாக உள்ளோம்.

சுரங்கத்து வேலை மூடிப்போயிற்று. அங்கே உழைத்த கைகளின் திறமை நம் பிள்ளைகளின் கைகளில் தொடர வேண்டும். தந்தையர் விட்டுச் சென்ற வண்டிகள் ஓடட்டும். அவற்றை ஓட்டுவோர் நலமாக வீடு திரும்பட்டும்.