உப்பின் கணக்கு



சுற்றுச்சூழல் மேலாண்மை பயிலும் மாணவர் எதைக் கற்க வேண்டும் என்று பேசப் பணித்தீர்கள். நான் உப்பைச் சொல்வேன்.

வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் நம் நொய்யல், திருப்பூரைக் கடந்தபின் சாயமேறி ஓடியதைக் கவிஞர்களாகிய நாம் நிறையவே பாடிவிட்டோம். நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, பாடினோம். பருத்தியில் சாயம் பிடிப்பதற்காகத் தொட்டியில் கொட்டும் உப்போ தெரியாமல் நீரிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பிட்டு நிறத்தை நீக்கினாலும் அது நீங்காது. பாசனத்திற்கென 1992இல் சென்னிமலை அருகே எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்த உப்புநீர்தான் தேங்கியது. சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டன. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

பின்னர் வடிகட்டியும் ஆவியாக்கியும் நீரை மீட்கும் முறை வேரூன்றியது. நல்லதே. ஆயினும் மீட்டெடுக்க இயலாத கலப்பு உப்பு மூட்டைகளில் எஞ்சுகிறது.

ஆகவே மாணவன் சட்டப்பிரிவுகளை ஒப்பிப்பதற்கு முன், ஒரு பட்டறைக்குள் எத்தனை மூட்டை உப்பு நுழைந்தது, எத்தனை எவ்வழியே வெளியேறியது என்று கணக்கெழுதப் பழகட்டும். கிணற்றுநீரை நாவில் வைத்தே தரம் சொல்லும் உழவரிடம் ஒரு பருவமேனும் பாடம் கேட்கட்டும். அவருக்கும் ஆசிரியர் ஊதியம் தரவேண்டும் என்பது என் கட்சி.