நரைத்த மரம் செத்த மரமன்று
வெயிலிலும் மழையிலும் கிடந்த மரச் சாமான்களைச் செப்பனிடுதல்

(தாமிரபரணிக் கரையிலுள்ள ஐக்கிய நாணயச் சங்கமொன்றின் அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன், தவணை, வட்டி என்பவற்றைப் பற்றி நான் பேசுவதைத் தாங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இன்று இந்த முற்றத்தில் தாங்கள் அமர்ந்திருக்கும் விசுப்பலகைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணலாம். ஆனால் சங்கத்தின் தளவாடப் பதிவேட்டில் கண்ட ஒவ்வொரு சாமானும் தங்களுடைய பணத்தால் வாங்கப்பட்டது. அதைக் காலத்துக்கு முன் கழித்துவிடுவது தங்கள் பணத்தை ஆற்றில் விடுவதற்குச் சமானம்.

இதை நான் பிறர் குற்றமாகச் சொல்லவில்லை. என் குற்றமாகவே சொல்லுகிறேன். 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டணத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்தபின் ஒரு சங்கத்தின் முற்றத்தில் நான்கு தேக்கு விசுப்பலகைகள் சேற்றில் புதைந்து கிடந்தன. முன்னமே பல வருஷம் வெயிலில் காய்ந்து சாம்பல் நிறம் பூண்டிருந்தவை அவை. பஞ்சாயத்தார் அவற்றை "உபயோகமற்றவை" என்று தீர்மானித்தார்கள். நானும் கையெழுத்திட்டேன். விறகு விலைக்கு ஏலம் போயின. அவற்றிற்குப் பதிலாக வாங்கிய பெஞ்சுகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. அடுத்த மழைச் சாரலிலேயே அவை உப்பி உதிர்ந்தன.

பங்குனி மாதத்தில் பக்கத்து ஊர் ஆசாரி ஒருவர் என்னைத் தம் பட்டறைக்கு அழைத்துச் சென்று, பொன்னிறமாக மின்னும் ஒரு விசுப்பலகையைக் காட்டினார். "இது ஒங்க சங்கத்து மரந்தான் அய்யா. நரைச்சவனெல்லாம் செத்தவனா?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. அவரிடம் அன்று கற்றதையும், பின்னர் விசாரித்து அறிந்ததையுமே இங்கே கூறுகிறேன்.

மரம் ஏன் நரைக்கிறது? மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை போன்ற பொருள் ஒன்று உண்டு. வெயிலிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் அதைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சி நிற்கும் வெளிறிய நாரே சாம்பல் நிறமாகத் தோன்றுகிறது. இது மேல்தோலில் மட்டும் நிகழ்வது. இவ்விதம் தேய்வது நூறு வருஷத்தில் சில மில்லிமீட்டர் அளவே. அதன் அடியில் வைரம் பாய்ந்த மரம் அப்படியே இருக்கும்.

மரத்தைக் கொல்லுவது தேங்கிய ஈரமே. மரத்தில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் நெடுநாள் தங்கினால், பூஞ்சணம் பற்றி அது மக்கத் தொடங்கும். மண்ணில் பதிந்த கால் வழியாகக் கறையானும் ஏறும். ஆகவே முதலில் செய்யவேண்டியது பரீட்சை. ஒரு கூரிய குத்தூசியைக் காலடியிலும் மூட்டுக்களிலும் அழுத்திச் சிறிது நெம்புங்கள். நீண்ட சிராயாகப் பெயர்ந்தால் மரம் நல்லது. பொடிப்பொடியாக முறிந்தால் அவ்விடம் மக்கிவிட்டது. பெரும்பாலும் மக்கியிருப்பது காலின் அடி நான்கு விரற்கடையே. அதற்காக முழுப் பலகையையும் தள்ளிவிடுவது விவேகமன்று.

இனிச் செய்முறை. தென்னை நாரும் சோப்பு நீரும் கொண்டு நார் ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவ வேண்டும். கம்பிப் புருசு கூடாது. அதன் இரும்புத் துணுக்குகள் தேக்கில் கரும்புள்ளிகளை உண்டாக்கும். கழுவியபின் காற்றோட்டமுள்ள நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டுக் கடும் வெயிலில் போட்டால், உள்ளே ஈரமிருக்க வெளிப்புறம் மட்டும் சுருங்கி மரம் வெடிக்கும். வெள்ளத்தில் நனைந்த சாமான்கள் பல கெட்டது வெள்ளத்தாலன்று, இந்த அவசரத்தாலேயே.

உலர்ந்தபின் ஆடும் கால்களைக் கவனியுங்கள். ஆணி அடித்து இறுக்குவது நம்மவர் வழக்கம். ஆணி துருவேறி மரத்தைப் பிளந்துவிடும். மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, மெல்லிய ஆப்பு வைத்து, மூங்கில் முளையால் பூட்டுவதே முறை. அடி மக்கிய காலுக்கு ஒட்டு வைக்கலாம். அல்லது நான்கு கால்களையும் சமமாகக் குறைத்துவிடலாம்.

பிறகு உப்புத்தாளால், முதலில் 80, பின்னர் 120 நம்பர் கொண்டு, நார்ப்போக்கில் தேய்த்து, மரத்தின் சொந்த நிறம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். பழைய பெயிண்டு பூசிய சாமானாயின் எச்சரிக்கை அவசியம். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் தேய்த்து, அந்தக் கழிவை வயலிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

எண்ணெய் பூசுவதில்தான் பலர் தவறுகிறார்கள். தேங்காயெண்ணெய் மரத்தில் உலர்ந்து இறுகாது. தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். மோட்டார்க் கழிவெண்ணெய் உட்காருபவர் வேஷ்டியையும் உடலையும் கெடுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும் குணமுள்ளது. முதற் பூச்சுக்குச் சம அளவு டர்பன்டைன் கலந்து பூசி, கால் மணி நேரங் கழித்து மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு நாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு மெல்லிய பூச்சுக்கள் போதும். கனமாகப் பூசினால் மழைக்காலத்தில் கரும்பூஞ்சணம் படரும். காலின் அடிப்பாகம் குழல்களின் கட்டுப் போன்றது. நீரை உறிஞ்சுவது அதுவே. எனவே ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றிக் கால்களை அதில் நிறுத்தி, குடிக்குமட்டும் குடிக்க விடுங்கள்.

நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் சாமானுக்கு எண்ணெயுடன் சிறிது காவிப்பொடி கலப்பது உத்தமம். காவி வெயிலை மரத்துக்குள் புகவிடாது. வெறும் வார்னிஷ் கண்ணாடி போலிருப்பதால் வெயில் அதனூடே சென்று அடிமரத்தைச் சிதைக்கும். பின்னர் அது செதில் செதிலாக உரியும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றும். நீரில் நனைத்து, வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

செப்பனிட்டபின் காப்பது எப்படி? திருநெல்வேலி நெல்லையப்பர் கோவில் தேரைப் பாருங்கள். ஆனித் திருவிழாவில் ஓடிய பிறகு அதை வெயிலிலும் மழையிலும் சும்மா விட்டுவிடுகிறோமா? மேலே மறைப்பு அமைத்துக் காக்கிறோம். அதே கோவிலின் தாமிர சபையில் மரச் சிற்பங்கள் நிலைத்திருப்பதும் செம்புத் தகடு வேய்ந்த கூரையின் நிழலில்தான். தெய்வத்தின் மரத்துக்குச் செய்யும் உபசாரத்தில் ஒரு சிறு பங்கை நம் விசுப்பலகைக்கும், கயிற்றுக் கட்டிலுக்கும், வண்டிக்கும் செய்தால் போதும். மேலே ஒரு கீற்றுப் பந்தல், காலடியில் ஒரு கல். மாசி, பங்குனியில் செப்பனிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு பூச்சு எண்ணெய் கொடுங்கள்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு இரண்டு யோசனைகள். ஒன்று: ஓர் ஆசாரி குத்தூசியால் சோதித்து எழுதிக் கொடுத்தாலன்றி, எந்த மரச் சாமானையும் பதிவேட்டிலிருந்து கழிக்க வேண்டாம். இனி அத்தகைய குறிப்பில்லாத தீர்மானத்தில் நான் கையெழுத்திடுவதில்லை. இரண்டு: எண்ணெயும் உப்புத்தாளும் ஒவ்வொருவர் சில்லறையாக வாங்கினால் செலவு அதிகம்; பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு டின் வாங்கி, ஆசாரிக்கு நியாயமான கூலி கொடுத்து, ஊர்ச் சாமான்களையெல்லாம் ஒரே வாரத்தில் முடிக்கலாம். ஐக்கியம் என்பது கடன் வாங்குவதில் மட்டும் இருக்க வேண்டியதன்று; இருப்பதைக் காப்பதிலும் இருக்க வேண்டும்.

 கலையுமுன் தாங்கள் உட்கார்ந்திருக்கும் விசுப்பலகையின் காலை ஒருமுறை குனிந்து பார்க்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.