முதுகும் மூச்சும் வாசகசாலையும்

(ஊராட்சிச் சமுதாயக் கூடத்தில் மாதந்தோறும் நடைபெறும் யோக சிகிச்சை வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் மூச்சைப் பற்றிப் பேசினோம். இம்மாதம் முதுகைப் பற்றிப் பேசுவதாக வாக்களித்திருந்தோம். முதுகில் தொடங்கும் பேச்சு வீட்டுக்குள்ளும், அங்கிருந்து வாசகசாலைக்கும் போய்விடக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாள் முழுவதும் பாடுபடும் உழவர்க்கு யோகாசனம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நாற்று நடும் பெண்மணி காலை முதல் உச்சி வரை இடுப்பை வளைத்துக் குனிந்தபடியே பின்னோக்கி நகர்கிறார். உடல் ஒரே பக்கம் மடிகிறது. எதிர்ப்பக்கம் நிமிர வேளை வாய்ப்பதில்லை. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் முன்புறம் அழுந்துகின்றன. பின்புறத் தசைகள் ஓயாமல் இழுபடுகின்றன. இவருக்குக் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனத்தைக் கற்பிப்பது அறிவீனம். மைசூரில் 1933 முதல் யோகசாலை நடத்திப் பின்னர் சென்னையில் வாழ்ந்து, 1989-ஆம் ஆண்டு தமது நூறாம் வயதில் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கற்பித்தவர். எங்கள் சிகிச்சை முறையும் அவ்வழியதே.

ஆகவே, வேலை முடிந்து வந்ததும் பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஒரு முக்காலியின் மேல் வைத்துப் பத்து நிமிடம் இருங்கள். பிறகு குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்துங்கள். புஜங்காசனத்தின் எளிய வடிவம் இது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கலாகாது. சிரசாசனத்தின் பக்கமே போக வேண்டாம்.

இனி எங்கள் தோல்வி ஒன்றைச் சொல்கிறோம். ஓர் அம்மையார் மூன்று மாதம் தவறாமல் வந்தார், சொன்னதையெல்லாம் செய்தார். வலி குறையவே இல்லை. எங்கள் முறையில் ஏதோ குற்றம் என்று கலங்கினோம். ஒரு நாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றபோதுதான் விளங்கிற்று. வயலிலிருந்து திரும்பியவர் தெருக்குழாயிலிருந்து எட்டுக் குடம் நீரை இடுப்பில் சுமந்தார்; மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்; பாத்திரம் துலக்கக் குந்தினார். கணவரும், வளர்ந்த மகன்கள் இருவரும் திண்ணையில் கைப்பேசியின் மேல் குனிந்திருந்தனர். (அவர்களுக்குக் கழுத்து வலி வரத்தான் போகிறது. அது வேறு வகுப்புக்கு உரியது.) குடத்தை நீங்கள் எடுங்கள் என்று மகன்களிடம் கேட்டோம். மூத்தவர் சிரித்தார், இளையவர் எழுந்தார். ஆறு வாரத்தில் வலி பாதியாயிற்று. ஆசனமும் உதவியிருக்கலாம். ஆயினும், இடுப்பிலிருந்து குடம் இறங்கியதையே நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம்.

அம்மையாருக்கு மாலையில் அரை மணி நேரம் மிஞ்சியது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், மகனின் பழைய பாடநூலை எடுத்து எழுத்துக் கூட்டி உரக்க வாசிக்கத் தொடங்கினார். இரவில் உறக்கம் நன்றாக வருகிறது என்றார். அதில் வியப்பில்லை. பேச்சும் வாசிப்பும் வெளிமூச்சின் மேல் நடப்பவை. முற்றுப்புள்ளி வரை நிதானமாக வாசிப்பவர் மூச்சை நீளமாக விடுகிறார். அடுத்த வாக்கியத்துக்கு முன் வயிறு நிறைய இழுக்கிறார். நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுங்கள் என்று நாங்கள் மன்றாடிக் கற்பிப்பதும் ஏறக்குறைய இதைத்தான். பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்ட திண்ணைகள் நம் ஊர்களில் இருந்தனவே!

நூலும் நமக்குப் புதிதன்று. 1931-ஆம் ஆண்டு மன்னார்குடிப் பக்கத்து மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அவ்வண்டியைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நம் ஊரிலும் ஒரு நூலகக் கட்டடம் எழுந்தது. இன்று அதனுள்ளே உடைந்த நாற்காலிகளும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளும் வாசம் செய்கின்றன.

உறுப்பினர்களே, வாரத்தில் இரண்டு மாலை அக்கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு விளக்கு எரிய வேண்டும். அடுத்த மாத வகுப்பை அங்கேயே வைத்துக்கொள்வோம். மூச்சுப் பயிற்சிக்குப் பின் அரை மணி நேரம் வாசிப்பு. முதல் நாள் வாசிக்க அம்மையார் இசைந்திருக்கிறார். மூட்டைகளை அப்புறப்படுத்த அவருடைய இளைய மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.