துன் சம்பந்தனும் பத்து வெள்ளியும்



சில நாட்களுக்கு முன் வகுப்பில், "துன் சம்பந்தன் யார்?" என்று கேட்டோம். ஒரு மாணவன் உடனே எழுந்து, "கோலாலம்பூரில் ஒரு சாலை, ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவர் பெயரில் சாலை இருப்பது உண்மைதான். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் ஒன்று, நாம் வாழும் இந்தக் கெடா மாநிலத்தின் ரப்பர்க் காட்டில் காலூன்றியது. அதை நம் பிள்ளைகள் அறியவில்லை என்றால், குறை பிள்ளைகளிடம் இல்லை. சொல்லத் தவறிய நம்மிடம்தான்.

வீ. தி. சம்பந்தன் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வீராசாமி ரப்பர் நிலம் உடையவர். சம்பந்தன் கோலகங்சார் கிளிபர்டு பள்ளியிலும், பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கற்றார். வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் தோட்டத்து மக்கள் பக்கம் சென்றது.

1946-இல் தோன்றிய ம.இ.கா.வுக்கு அவர் 1955-இல் தலைவரானார். 1973 வரை அப்பொறுப்பில் இருந்தார். துங்கு அப்துல் ரகுமானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சர், சுகாதார அமைச்சர், பொதுப்பணி அஞ்சல் தந்தி அமைச்சர் எனப் பல பொறுப்புகளை ஏற்றார். நம் அலோர்ஸ்டாரில் பிறந்த துங்குவும் சுங்கை சிப்புட்டுத் தமிழரும் நெருங்கிய நண்பர்கள். 1957-இல் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியர் சார்பில் நின்றவர் சம்பந்தன்.

அவர் மிதவாதி. உள்ளதை இடித்துத் தள்ளிப் புதிது கட்டலாம் என்று அவர் நினைத்ததில்லை. இருப்பதைக் காத்து, சிறிது சிறிதாகச் சீர்செய்வதே அவர் வழி. மேடையில் முழங்குவதைவிட மேசையில் அமர்ந்து பேசுவதையே அவர் நம்பினார். அந்த வழி எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரத் துரைமார் பலர் தம் தோட்டங்களை விற்றுவிட்டு ஊர் திரும்பினர். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றனர். இதைத்தான் நம் பெரியவர்கள் 'தோட்டத் துண்டாடல்' என்றார்கள். நூறு பேருக்கு வேலை தந்த தோட்டம் துண்டானால், வேலை மட்டுமா போகும்? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பள்ளிக்கூடமும் கோயிலும் தோட்டத்து மண்ணில் நிற்பவை. வேலை போன அன்றே எல்லாம் போயிற்று. நாம் முன்பு பணியாற்றிய தோட்டம் ஒன்று பிற்காலத்தில் கைமாறியபோதும் இதைக் கண்ணால் கண்டோம். ஒரு தவணைக்குள் வகுப்பில் பாதி நாற்காலிகள் காலியாயின. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்க, லயத்தில் ஆளில்லை.

அரசு இந்தத் துண்டாடலைத் தடுக்கவில்லை. பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையிலான குழு ஆராய்ந்து தீமைகளை எடுத்துக் காட்டியும், விற்பனை நிற்கவில்லை. அமைச்சராக இருந்த சம்பந்தனாலும் அதை நிறுத்த முடியவில்லை. அவர் வேறு வழி தேடினார். தோட்டத்தை யாரோ வாங்குவதற்குப் பதில், தோட்டத்து மக்களே வாங்கினால் என்ன? 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தம் அரசியல் செயலாளர் கே. ஆர். சோமசுந்தரத்துடன் தோட்டம் தோட்டமாகச் சென்று, "மாதம் பத்து வெள்ளி சேமியுங்கள்" என்று கேட்டார். அந்நாளில் பத்து வெள்ளி என்பது பால்வெட்டும் தொழிலாளிக்குப் பல நாள் கூலி. விடியுமுன் பிரட்டில் நின்று, மழை வந்தால் கூலியிழந்து வாழ்ந்தவர்கள் அதைக் கொடுத்தார்கள்.

சங்கம் முதலில் வாங்கியது, நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். ஏறத்தாழ 2,900 ஏக்கர்! நேற்றுவரை துரைக்குச் சலாம் போட்டவர்கள், அந்த மண்ணின் பங்குதாரர்களானார்கள். 1979 மே 18-ஆம் நாள் சம்பந்தன் மறைந்தபோது, சங்கத்தில் சுமார் 85,000 உறுப்பினர்களும் 18 தோட்டங்களும் இருந்தன.

இந்தக் கூட்டுறவு எண்ணத்துக்கு ஒரு பழைய ஊற்று உண்டு. ஜெர்மனி நாட்டில் ரைபைசன் என்ற கிராமத் தலைவர் இருந்தார். 1818-இல் பிறந்தவர், சமயப் பற்றும் பழமைப் பற்றும் மிக்கவர். 1846, 47-ஆம் ஆண்டுகளில் பஞ்சம் வந்தபோது ஊராரைச் சேர்த்து ரொட்டிக்கு வழிசெய்தார். பின்னர் வட்டிக்காரரிடம் சிக்கிய உழவர்களுக்காகக் கடன் சங்கங்களை அமைத்தார். தனியாக முடியாததைப் பலர் கூடினால் முடிக்கலாம் என்பதே அவர் கொள்கை. அந்தச் சங்கங்களை ஆராய்ந்தே சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக்கு வித்திட்டனர். ஜெர்மானிய உழவனுக்கும் கெடாவின் பால்வெட்டுக்காரருக்கும் கவலை ஒன்றுதான்.

சம்பந்தனைக் குறை கூறியவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதை மறைப்பது சரியன்று. பங்குதாரரான பின்னும் தொழிலாளி கூலிக்காரராகவே மரம் சீவினார். துண்டான தோட்டங்கள் எல்லாவற்றையும் சங்கம் வாங்க முடியவில்லை. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்றானபோது, நம்மவர் ஆயிரக்கணக்கில் பினாங்கிலிருந்து கப்பலேறினர். மேசைப் பேச்சால் அதைத் தடுக்க இயலவில்லை. "இன்னும் உரக்கக் கேட்டிருக்கலாம்" என்று சொல்வோரின் வருத்தம் நியாயமானதே.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உரக்கப் பேசிய பலருடைய பேச்சு காற்றோடு போயிற்று. இவர் கேட்ட பத்து வெள்ளி நிலமாக நின்றது. கட்சிக்காகத் தம் தந்தை விட்டுச் சென்ற சொத்தையும் அவர் கரைத்தார் என்பார்கள். தலைவர் தம் கையிலிருந்து கொடுத்ததால்தான், தொழிலாளியிடம் கேட்க அவருக்கு வாய் வந்தது.

இன்று ரப்பர் மரங்களின் இடத்தில் செம்பனை நிற்கிறது. சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வீடமைப்புப் பகுதிகளுக்கு நம்மவர் பலர் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் சொந்த மண் இல்லாதவன் அடுத்தவர் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற பாடம் பழையதாகவில்லை.

பெற்றோர்களே, இன்றிரவு வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். இரும்புப் பெட்டியின் அடியில் பழைய பங்குப் பத்திரம் ஒன்று மடிந்து கிடக்கலாம். அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். சம்பந்தன் யார் என்று மறுநாள் அவர்களே வகுப்பில் எமக்குச் சொல்வார்கள்.