நம்பிக்கையின் விலை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கிறித்தவ வாழ்வில் அன்பும் உறுதியும் என்னும் பொருளில் உரையாற்ற என்னைப் பணித்திருக்கிறீர்கள். இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மோகனூருக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கும் கொல்லிமலை போதும். அம்மலையைச் சொன்னதும் நம் நினைவுக்கு வருவோர் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும். பரிசில் வேண்டிப் புலவர் ஓரியை நாடிச் சென்றனர். கொடுப்பதற்கென்றே அம்மலை ஏறிய இருவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் ஆகிய இருவரும் 1913ஆம் ஆண்டு மணம் புரிந்து கொல்லிமலையில் குடியேறினர். ஈவ்லின் இலண்டனில் செல்வக் குடியில் பிறந்து ஓவியம் பயின்றவர். மலையிலோ சாலை இல்லை; மருத்துவமனை இல்லை; காய்ச்சல் மட்டும் குறைவின்றி இருந்தது. இருவரும் நற்செய்தி உரைத்தனர். கேட்டவர் பலர், ஏற்றவர் எவருமிலர். ஆண்டுகள் பல அவ்வாறே கழிந்தன. ஆயினும் பணி நிற்கவில்லை.

அக்காலத்தில் நரம்புச்சிலந்தி நோய் மலைமக்களை வாட்டியது. புண்பட்ட காலோடு நோயாளி கிணற்றில் இறங்க, புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, அந்நீரைப் பருகுவோர் உடலில் புகும். ஜெஸ்ஸி, வெளிப்பட்ட புழுவைச் சிறு குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுத்தார். எவரும் கால் வைக்க இயலாதவாறு கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்தார். அந்நோய் இந்தியாவை விட்டே நீங்கியதாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

அவர்களைக் கடுமையாக எதிர்த்து நின்றவர் ஊர்ப் பூசாரி. அவர் காய்ச்சலில் வீழ்ந்தபோது அயலார் அஞ்சி விலகினர். பிராண்ட் தம்பதியர் நெருங்கிச் சென்று பேணினர். இறக்கும் தறுவாயில் அப்பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். மலைமக்களின் மனம் இளகத் தொடங்கியது அதன் பின்னரே.

1929இல் ஜெஸ்ஸி, மலேரியா முற்றிய காய்ச்சலால் அம்மலையிலேயே மறைந்தார். ஈவ்லினுக்கு அப்போது வயது ஐம்பது. எழுபதை நெருங்கிய வேளையில், அவரை அனுப்பிய சபை ஓய்வுபெறச் சொன்னது. அவர் சபைப் பணியிலிருந்து விலகினார், மலையிலிருந்து விலகவில்லை. குதிரை மேலேறிக் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கல்வராயன்மலையிலும் ஊர் ஊராகச் சென்றார். எலும்பு முறிந்தும் பயணம் தொடர்ந்தது. முதுமையில் தம் இல்லத்தில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்பர். 1974இல், தொண்ணூற்றைந்தாம் அகவையில் மறைந்து, கணவரின் அருகே துயில் கொள்கிறார். 1914இல் பிறந்த அவர்தம் மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியதை உலகம் அறியும்.

அன்பர்களே, சமய மாற்றம் குறித்து இவ்வவையில் மாறுபட்ட கருத்துகள் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஈவ்லினும் தம் நம்பிக்கையை மறைத்தவர் அல்லர். என் கேள்வி வேறு. உறுதி எப்போது வன்மையாகிறது, எப்போது அன்பாகிறது? தன் கொள்கைக்குரிய விலையைப் பிறர்மேல் சுமத்தினால் அது வன்மை. தானே செலுத்தினால் அன்பு. மலையைப் பெயர்க்கும் நம்பிக்கையும் அன்பின்றேல் வீண் என்னும் கருத்தைத் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஈவ்லின் மலையைப் பெயர்க்கவில்லை, மலையிலேயே இருந்தார். அதுவே அவர் செலுத்திய விலை.

இம்மண்ணில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர், 1930இல் வேதாரணியம் நோக்கிச் சென்ற உப்பு அறப்போர்ப் படைக்கு நடைப்பாடல் தந்தார். 1932இல் தாமே சிறை சென்றார். சமயம் வேறு, களம் வேறு, அறம் ஒன்றே. பகைவரை வருத்தாமல் தன்னை வருத்திக்கொள்ளும் உறுதி அது.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் அன்பைப் பற்றிக் கவிதை பல படித்திருக்கிறோம், யானும் படித்திருக்கிறேன். அவற்றுள் எந்த ஒரு வரிக்கேனும் நாம் விலை கொடுத்திருக்கிறோமா? இவ்வினாவை முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.