வண்டியின் வால்பலகை: டிரம்போன் கலைஞர் கிட் ஓரி



பேண்டு வாசித்தே வாழ்ந்த ஒரு பெரியவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. குழலோடு வாழ்ந்த இன்னொருவரின் வரலாற்றை அவர் காலடியில் வைக்க வந்திருக்கிறேன்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இந்தத் தங்கவயல் மண்ணில் சுரங்க வேலைக்கு வந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1886 கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் எட்வர்ட் 'கிட்' ஓரி பிறந்தார். 1811இல் அடிமைகளின் பெருங்கிளர்ச்சி மூண்ட அதே தோட்டம் அது. சுருட்டுப் பெட்டியில் தந்தி கட்டி வாசித்துப் பழகிய சிறுவன், வளர்ந்து டிரம்போனை எடுத்தார். நியூ ஆர்லியன்ஸில் சொந்தக் குழு நடத்தினார்.

அந்த ஊரில் விளம்பரத்துக்காக வாத்தியக்காரர்களை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக ஓட்டுவார்கள். டிரம்போனின் குழாய் முன்னும் பின்னும் நீளும். நடுவில் உட்கார்ந்தால் அடுத்தவரை இடிக்கும். அதனால் டிரம்போன்காரருக்கு வண்டியின் வால்பலகைதான் இடம். அவர் வாசிக்கும் முறைக்கே 'டெயில்கேட்' என்று பெயர் வந்தது. டிக்ஸிலேண்ட் ஜாஸில் மெட்டை கார்னெட் எடுத்துச் செல்லும். கிளாரினெட் மேலே கொடியாகப் படரும். டிரம்போன் அடியில் வழுக்கியும் உறுமியும் இரண்டையும் பிடித்து நிறுத்தும்.

அடிக்குரலில் இருந்துகொண்டே ஓரி தலைவராகவும் இருந்தார். கிங் ஆலிவர் அவர் குழுவில் கார்னெட் வாசித்தார். ஆலிவர் சிகாகோ போனதும் அந்த இடத்தை ஓரி இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்குக்குக் கொடுத்தார். 1925இல் ஆம்ஸ்ட்ராங் 'ஹாட் ஃபைவ்' குழுவோடு இசைத்தட்டு பதிந்தபோது, பழைய தலைவரான ஓரி அதில் டிரம்போன் வாசித்தார். தான் வாய்ப்புக் கொடுத்த பையனின் குழுவில் போய் அமர்ந்த அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

1930களின் பெருமந்தத்தில் பிழைப்பு போயிற்று. டிரம்போனை வைத்துவிட்டு ஓரி கோழி வளர்த்தார். 1944இல் ஆர்சன் வெல்ஸின் வானொலி நிகழ்ச்சிக்காகப் பழைய கலைஞர்களைத் தேடிச் சேர்த்தார்கள். 57 வயதில் ஓரி மீண்டும் வாசித்தார். மறுபடி குழு நடத்தி, இசைத்தட்டுகள் தந்து, 1973இல் ஹவாயில் மறைந்தார்.

ஓரி குழு நடத்திய நியூ ஆர்லியன்ஸில் சவ ஊர்வலம் போகும்போது பேண்டு மெல்ல நடக்கும். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளும். சாவு வீட்டுக்கு வாத்தியம் வைக்கும் நமக்கு இது அந்நியமில்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் உழைத்த ஊருக்கு, அடியில் இருப்பவரின் அருமையையும் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

2001 பிப்ரவரி 28இல் இங்கே சுரங்கம் மூடப்பட்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊதிய பெரியவர்கள் நம் லைன்வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். ஓரியைத் தேடிப் போக ஒரு வானொலி இருந்தது. இவர்களைத் தேடிப் போக நாம்தான் இருக்கிறோம். இந்தப் பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச்சாளருக்கு முன் அவர்களை அமர்த்துங்கள், வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். வால்பலகையில் உட்கார்ந்தவர் முதலில் தொடங்கட்டும்.