சர்க்கரை நோயும் ரமளான் நோன்பும்

 

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, தமிழகத்தில் வயது வந்தோர் நூறு பேரில் ஏறத்தாழ 14 பேர் நீரிழிவு நோயாளிகள். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் குறைந்தாலோ, சரிவரச் செயல்படாவிட்டாலோ இரத்தத்தில் சர்க்கரை மிகும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, ஆறாத புண் ஆகியவை அறிகுறிகள். அறிகுறியின்றியும் இந்நோய் இருக்கலாம். எனவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

ரமளானில் சிலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அது ஆபத்தானது. ரஜப் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா என்று கேட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொள்ள வேண்டும். ஸஹரைத் தவறவிடக் கூடாது. இஃப்தாரில் பால்கோவாவும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் குறைந்தாலோ, 300-ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. அல்பகரா அத்தியாயத்தின் 184-ஆம் வசனம் நோயாளிக்குச் சலுகை வழங்குகிறது. குணமானபின் களாச் செய்யலாம்; அறவே இயலாதோர் ஃபித்யா கொடுக்கலாம். ரப்பு தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. உடல் அவன் தந்த அமானிதம். அதைப் பேணுவதும் இபாதத்தே.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.